வந்து எத்தனை வருஷம் ஆச்சு?

ஹைதராபாத் டீமில் சேர்ந்த முதல் வாரம் பெருமையாகத் தெலுங்கில் பேசினேன். எல்லாரும் சிரித்தார்கள். எந்த ஊர் என்றார்கள். ராஜபாளையம் என்றேன். "ஓ, தமிழா!" அதற்கு முன்னால் கல்லூரி ஹாஸ்டலில் இதே வீட்டுமொழிக்காக எனக்குக் கிடைத்த பேர் "கொல்ட்டி".

விஜயநகர, நாயக்கர் ஆட்சிகளை ஒட்டித் தெற்கே வந்த குடிகள் நாங்கள். எங்கள் தெலுங்கு பேச்சோடு சரி. அவ்வா தெலுங்கில் கதை சொல்வாள், பால் கணக்கைத் தமிழில் எழுதுவாள். பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் அந்த ஊருடையது என்பார்கள். அந்த ஊர் ஆண்டாளைப் பற்றி 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் எழுதிய ஆமுக்தமால்யதா தெலுங்குக் காவியம். பக்கத்து ஊர்க் கதை, என் தாய்மொழியில். என்னால் ஒரு வரி வாசிக்க முடியாது.

ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949இல் சென்னை மாகாணத்தின் முதல்வரானார். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலையே வந்தது. (நாயிடம் யாரும் பூர்வீகம் கேட்பதில்லை, பேரிலேயே ஊர் இருக்கிறது.) கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' படித்துவிட்டு "நாமளும் இப்படித்தான் வந்தோம்பா" என்றேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "வந்தோம்னு ஏன் சொல்றே? இங்கதான இருக்கோம்."

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். எதிர்வீட்டு மாடியில் நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவன் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். "வந்த இடத்துல அடக்கமா இருக்கத் தெரியல" என்றேன். தெலுங்கில் சொன்னேன். அவ்வா படுத்தபடியே சொன்னாள்: "அவங்க அம்மாகிட்ட பேசுறான் போலடா."

தூக்கம் போய்விட்டது. ஒரு ஊர் எப்போது நம்முடையதாகிறது? வருஷக் கணக்குதான் என்றால், எங்கள் முன்னோருக்கும் முதல் வருஷம் என்று ஒன்று இருந்திருக்கும். அன்றைக்கு யாரோ பொறுத்துக்கொண்டதால்தான் மற்ற வருஷங்கள் சேர்ந்தன. மொழி என்றால் நான் பாதிதான் தேறுவேன். உழைப்பு என்றால் இன்னும் மோசம். அவன் இங்கே ஷிஃப்ட் போட்டு நூல் நூற்கிறான். நான் வெளியூரில் லேப்டாப்பைத் தட்டிவிட்டு வருஷத்துக்கு நாலு நாள் வந்து, இது எங்க ஊர் என்கிறேன். 'முதலில் வந்தவன்' என்ற வாதம் ஒன்றுதான் மிச்சம். அதை எடுத்தால் எனக்கு முன்னால் இங்கே இருந்தவர்களும் பேச வருவார்கள்.

காலையில் அந்தப் பையன் கேட்டருகே பல் தேய்த்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்துத் தலையாட்டினான், நானும் ஆட்டினேன். பேர்கூடக் கேட்கவில்லை. சாயங்காலம் பஸ் ஏறிவிட்டேன்.