தேரும் மாங்கனியும்

நம்மோடு ஆலையில் பல்லாண்டு உழைத்து மறைந்த தோழர் ஒருவரின் மகன் அண்மையில் நம்மை நாடி வந்தான். அவன் கொணர்ந்த வினா முதலில் இயந்திரத்தைப் பற்றியதாகவே தோன்றியது. அஃது அறத்தைப் பற்றியது என்பதை நாம் சற்றுப் பிந்தியே உணர்ந்தோம்.

தந்தை விட்டுச் சென்ற புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று அவனிடம் உள்ளது. 350 சி.சி. வகை, பழைய வார்ப்பிரும்புச் சிலிண்டர். இப்பொழுது அது புகை கக்குகிறது. உள்ளே தட்டும் ஓசை எழுகிறது. இதனைத் தன் விருப்பப்படி புதிதாக அமைத்துக்கொள்ளத் தம்பி எண்ணுகிறான். உயர்ந்த கைப்பிடி, அகன்ற பின் டயர், குறுகிய மட்கார்டு, இவற்றோடு 500 சி.சி. என்ஜினும் வேண்டுமாம். "ஐயா, இயந்திரங்களோடு வாழ்ந்தவர் தாங்கள், எது தக்கது என்று கூறுங்கள்" என்றான்.

நாம் நூற்புப் பொறிகளை அறிந்தவரேயன்றி மோட்டார் வல்லுநர் அல்லோம். ஆயினும் சில கணக்குகள் எல்லாப் பொறிகட்கும் பொதுவானவை. இவ்விரு என்ஜின்களிலும் பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர்தான். சிலிண்டரின் விட்டம் ஒன்றில் 70, மற்றொன்றில் 84. பதினான்கு மில்லிமீட்டர் கூடியதனால் கொள்ளளவு 346 சி.சி.யிலிருந்து 499 சி.சி.க்கு உயர்ந்துவிடுகிறது. அவ்வளவு விசையையும் ஏற்று நிற்கவேண்டியவை செயினும், கிளட்சும், பழைய டிரம் பிரேக்கும் அல்லவா? வேகம் இருமடங்கானால், வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் பிரேக் பிடித்த இடத்திலிருந்து நான்கு மடங்காகும். ஆதலின் என்ஜினைத் தேடுமுன் பிரேக்கைத் தேடு என்று கூறினோம். நம் ஆலையில் ஒருமுறை பழைய ரிங் பிரேமுக்கு வேகம் மிக்க மோட்டாரைப் பூட்டினார்கள். நூல் மிகுதியாக வரவில்லை. அறுந்த நூலை முடிவதிலேயே பெண்டிரின் விரல்கள் ஓய்ந்தன.

இதுவரை பேச்சு இனிதாகவே நடந்தது. "என்ஜின் எங்கே கிடைக்கிறது?" என்று கேட்டபொழுது தம்பியின் குரல் தாழ்ந்தது. ஒருவர் பாதி விலைக்குத் தருகிறாராம். கிராங்க் கேஸின்மேல் பொறித்திருக்கவேண்டிய எண் அரத்தால் தேய்க்கப்பட்டிருக்கிறதாம்.

அது யாருடையது என்றோம். அவன் நம்மை நம் சொற்களாலேயே மடக்கினான். "ஐயா, நாகசேனர் மிலிந்த மன்னனுக்குத் தேரைக் காட்டி விளக்கியதைத் தாங்கள்தாமே சொன்னீர்கள்? அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, நுகம் தேரன்று, உறுப்புகள் கூடியவிடத்துத் தேர் என்பது ஒரு வழக்குப் பெயரே என்றீர்கள். களவு போன வண்டியோ பிரிக்கப்பட்டுவிட்டது. வண்டியே இல்லாதபொழுது களவுப்பொருள் எங்கே இருக்கிறது? நான் வாங்குவது வெறும் இரும்பு."

உண்மையைச் சொல்லின் நாம் சிறிது திகைத்தோம். நெஞ்சுக்குள் ஒரு பழைய முள்ளும் குத்தியது. ஆலைக் காலத்தில் கழிவுக் குவியலிலிருந்து ஒரு பேரிங்கை எடுத்து வந்து வீட்டுத் தையற்பொறிக்குப் பயன்படுத்தியவர் நாம். அது பொறியினின்று கழன்றது, இனி ஆலையுடையதன்று என்று அன்று நாமும் வாதிட்டோம். ஆசை தனக்கு வேண்டிய தத்துவத்தை விரைவில் தேடிக்கொள்கிறது.

எனினும் விடை அதே மிலிந்த பண்ஹாவில்தான் இருக்கிறது. ஒருவன் பிறனுடைய மாங்கனிகளைத் திருடினான். பிடிபட்டதும், "இவன் நட்டவை வேறு கனிகள், நான் பறித்தவை வேறு கனிகள், ஆகவே நான் குற்றவாளி அல்லேன்" என்றான். அவன் தண்டனைக்கு உரியவனா என்று நாகசேனர் வினவ, உரியவனே என்றான் மன்னன். நட்டதைச் சார்ந்தல்லவோ பறித்தது தோன்றியது! தேரின் உவமையைக் கூறிய அதே துறவிதான் மாங்கனியின் உவமையையும் கூறினார். நிலையான தேர் இல்லை என்றவர், செயலின் தொடர்ச்சி இல்லை என்று கூறவில்லை. வண்டி பிரிந்ததனால் அதனை இழந்தவனுடைய இழப்பு பிரிந்துவிட்டதா? அவன் இன்னும் நடந்தே வேலைக்குப் போகிறானே!

தம்பி விடவில்லை. "பழைய கடையில் வாங்கும் ஒவ்வொரு திருகாணிக்கும் பிறப்பு வரலாறு கேட்க முடியுமா?" என்றான். முடியாது, இது நேர்மையான கேள்வி. அறியாமல் வாங்கியவனை நாம் குற்றஞ்சாட்டோம். அறிய விரும்பாமல் வாங்குபவன் வேறு. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும், 2024 ஜூலையில் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதையும் களவுப்பொருள் என அறிந்தவனை மட்டும் குறிக்கவில்லை. அவ்வாறு நம்பக் காரணம் இருந்தும் தீய நோக்கோடு பெற்றவனையும் சேர்த்தே குறிக்கின்றன. திருகாணி ஒன்றும் சொல்வதில்லை. தேய்க்கப்பட்ட எண்ணோ உரக்கச் சொல்கிறது.

வண்டியின் உருவை மாற்றுவதிலும் தடை உண்டு என்பதை நினைவூட்டினோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என உச்சநீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்துள்ளது. தம்பி இதற்கு முகம் சுளித்தான். இளமையின் அழகுணர்ச்சியை நாமும் பழிப்பதற்கில்லை.

சில நாட்கள் கழித்து அவன் வீட்டிற்குச் சென்றோம். முற்றத்தில் சாக்கை விரித்துத் தந்தையின் என்ஜினைப் பிரித்து வைத்திருந்தான். சிலிண்டரைப் போர் செய்து, ஒருபடி பெரிய பிஸ்டன் போட்டால் புகை அடங்கும் என்று மெக்கானிக் கூறினாராம்; தட்டும் ஓசைக்குக் கிராங்கின் பிக் எண்ட் பேரிங்கை மாற்றவேண்டுமாம். கையிலுள்ள பணம் அதற்கே சரியாகும். அகன்ற டயருக்கு மீதமில்லை. உயர்ந்த கைப்பிடியை மட்டும் அவன் இன்னும் கைவிடவில்லை. மண்ணெண்ணெய் நனைந்த துணியால் கிராங்க் கேஸைத் துடைத்து, அதன்மேல் தெளிந்து வந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக நமக்குப் படித்துக் காட்டினான்.