இசைவதும் வினையே

இல்லறத்தார்க்குரிய மூலகுணங்களை வகுத்த நம் ஆசாரியர்கள், மதுவை விலக்குதலை அவற்றின் முன்வரிசையில் வைத்தனர். சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், மது, ஊன், தேன் ஆகிய மூன்றையும் நீக்குதலோடு ஐந்து அணுவிரதங்களையும் சேர்த்து மூலகுணங்கள் எட்டு என்றார். ஆதலின், மது அருந்தலாமா என்பது சமண இல்லத்தில் வினாவாகவே எழ இடமில்லை.

ஆயினும் இன்று வேறொரு வினா எழுகின்றது. பிள்ளைகள் படிப்பின் பொருட்டு வெளியூர் செல்கின்றனர், விடுதிகளில் தங்குகின்றனர், பல்வகை நண்பரோடு பழகுகின்றனர். "எப்படியும் ஒருநாள் குடிக்கத்தான் போகிறான். கண்காணாத இடத்தில் கண்டதைக் குடிப்பதைவிட, வீட்டில் நம் கண்முன் சிறிது சுவைத்து அளவறிந்து கொள்ளட்டுமே" என்று எண்ணும் பெற்றோர் உளர். இவ்வெண்ணம் தீய நெஞ்சில் பிறந்ததன்று. பிள்ளை மீதுள்ள அன்பும், அவன் கைவிட்டுப் போய்விடுவானோ என்னும் அச்சமுமே இதனைத் தோற்றுவிக்கின்றன. ஆகவே இதனை இகழ்ந்து ஒதுக்காமல் ஆராய்ந்து பார்த்தலே முறை.

முதற்கண், இவ்வழி பயன் தருமா எனக் காண்போம். இங்கிலாந்தில் 5 வயது நிரம்பிய குழந்தைக்கு வீட்டில் மது தருவது சட்டப்படி குற்றமன்று. அந்நாட்டின் தலைமை மருத்துவ அலுவலரே, 15 வயது வரையிலேனும் பிள்ளைகள் மதுவைத் தொடாதிருத்தல் நலம் என 2009 ஆம் ஆண்டில் அறிவுறுத்தினார். ஆஸ்திரேலியாவில் 1,900க்கும் மேற்பட்ட பதின்வயதினரை 6 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 2018 இல் முடிவை வெளியிட்டனர். பெற்றோர் கையால் மது பெற்றதனால் பிள்ளைகள் காக்கப்பட்டனர் என்பதற்கு அதில் சான்று ஏதும் கிடைக்கவில்லை. மாறாக, அத்தகைய பிள்ளைகளிடம் மிகுகுடியும் அதனால் விளையும் தீங்குகளும் கூடுதலாகவே காணப்பட்டன. வீட்டில் பெற்றவர்கள் அடுத்து வந்த ஆண்டில் பிறரிடமிருந்தும் பெறும் வாய்ப்பு மிகுந்திருந்தது.

இதன் காரணம் அறிதற்கு அரிதன்று. நன்மை தீமைகளைச் சீர்தூக்கும் மூளைப் பகுதி முழு வளர்ச்சி எய்த ஏறத்தாழ 25 வயதாகும் என்பர் மருத்துவர். தந்தை ஊற்றிக் கொடுத்தார் என்பதற்காக மது தன் இயல்பை மாற்றிக் கொள்வதில்லை. பிள்ளையின் உள்ளத்தில் அதுவரை இருந்த தடை மட்டுமே நீங்கிவிடுகின்றது.

இனி அறத்தின் வழி நோக்குவோம். அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் மதுவை இம்சையோடு பொருத்திக் காட்டுகின்றார். அதில் தோன்றும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் அழிகின்றன. அருந்தியவனோ மதிமயங்கி எத்தீமைக்கும் அஞ்சாதவனாகின்றான். இவ்விரண்டும் சிறிதளவு என்பதனால் அறமாகிவிடா.

மேலும், வினை வரும் வழி மூன்று என்கிறது நம் தத்துவம்: தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். இவையே கிருதம், காரிதம், அனுமோதனை எனப்படும். தான் குடித்துக்கொண்டே மகனைத் தடுப்பவர் முதல் வகை. அவர் சொல்லைப் பிள்ளை ஏற்கான். தன் கையால் வார்ப்பவர் இரண்டாம் வகை. அறிந்தும் அறியாதார் போல முகந்திருப்பிக் கொள்பவர் மூன்றாம் வகை. "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்று இவர் கூறலாம். ஆனால் இசைவதும் வினையே என்பது சமணக் கோட்பாடு.

நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இவ்வாறே கூறுகின்றது. 18 வயது நிரம்பாதவர்க்கு மருத்துவர் ஆணையின்றி மது தருவோரும், தரச் செய்வோரும் 7 ஆண்டுகள் வரை கடுங்காவலுக்கு உரியர் என்பது 2015 ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். தமிழ்நாட்டில் 21 வயதுக்குட்பட்டவர்க்கு மது விற்றலும் ஆகாது.

இனி, கடினமான வினா ஒன்று உண்டு. பிள்ளை ஏற்கெனவே வெளியில் குடித்துவிட்டான் எனில் யாது செய்வது? அடிப்பதும், வீட்டை விட்டுத் துரத்துவதும், உறவினர் நடுவே தூற்றுவதும் சினத்தின் செயல்களேயன்றி அறத்தின் செயல்கள் அல்ல. அவை பிள்ளைக்குக் கற்பிப்பது ஒளித்தல் ஒன்றையே.

நற்காட்சியின் எண்வகை உறுப்புகளுள் உபகூகனமும் ஸ்திதிகரணமும் உள்ளன. பிறர் குற்றத்தை ஊரறியத் தூற்றாதிருத்தல் முன்னது. வழுவியவரை மீண்டும் நெறியில் நிறுத்துதல் பின்னது. ஸ்திதிகரணத்திற்கு நம் நூல்கள் காட்டும் சான்று வாரிஷேண முனிவர். துறவு பூண்டும் மனைவியையே நினைந்து ஏங்கிய நண்பரை அவர் வைது விலக்கவில்லை. அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாம் துறந்து வந்த செல்வத்தையும் மனைவியரையும் காணச் செய்தார். நண்பர் தாமே நாணித் தெளிந்தார். வாரிஷேணர் தாம் துறந்து காட்டியவர். ஆதலினாலேயே அவர் செயல் பயன் தந்தது.

நாமும் இவ்விரண்டையும் மேற்கொள்ளல் வேண்டும். நம் இல்லத்தில் மது நுழையலாகாது. திருமண வரவேற்பாயினும், வெளிநாட்டு விருந்தினர் வரவாயினும் இதில் விலக்கில்லை. அதே வேளையில், மகனோ மகளோ விடுதிக்குப் புறப்படும்போது, "தவறு நேர்ந்தால் எந்நேரமாயினும் எம்மை அழை, முதலில் வந்து அழைத்துச் செல்வோம், மறுநாள் பேசுவோம்" என்று சொல்லி அனுப்புதல் வேண்டும். இது குடிக்கு இசைவதாகாது. மதுவுக்கு அடைத்த வாயில் பிள்ளைக்கு என்றும் திறந்திருக்கும் என்னும் உறுதிமொழியாகும். நம் கோப்பைக்குத் துணை வேண்டாத பிள்ளை, தன் துன்பத்தில் நம் துணையை நாடி வருமாறு இல்லறம் நடத்துவோமாக.