"சும்மா செல்லமாத்தான் ஹஜ்ரத்!"

 

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த சகோதரர் ஒருவர் போன வாரம் பேசிக்கொண்டிருந்தார். "எங்க ரூம்ல ரெண்டு பச்சை, ஒரு பெங்காலி ஹஜ்ரத்" என்றார். பச்சை என்றால் பாகிஸ்தானி. "அவங்க பேரு என்ன?" என்று கேட்டேன். யோசித்தார். மூன்று வருடம் ஒரே அறை, ஒரே ஸஃப். ஒருவர் பெயர்தான் நினைவுக்கு வந்தது. "சும்மா செல்லமாத்தான் ஹஜ்ரத் கூப்பிடுறோம்" என்றார்.

அந்தச் 'செல்லமாத்தான்' பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-வது வசனத்தில், பட்டப்பெயர் சூட்டி ஒருவரையொருவர் அழைப்பதை அல்லாஹ் தடுக்கிறான். அது எங்கள் பனூ ஸலிமா குலத்தார் விஷயத்தில் இறங்கியது என்று அபூ ஜபீரா (ரலி) அறிவிப்பது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அந்தக் குலத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. நபி (ஸல்) அவர்கள் ஒருவரை ஒரு பெயர் சொல்லி அழைத்தபோது, "அல்லாஹ்வின் தூதரே, அந்தப் பெயர் அவருக்குக் கோபமூட்டும்" என்று மற்றவர்கள் தடுத்தார்கள். கவனியுங்கள். நபியவர்களிடம் இழிவுபடுத்தும் எண்ணம் துளியும் இல்லை. ஆனாலும் அங்கே கேட்பவரின் மனம் கணக்கில் எடுக்கப்பட்டது.

அப்படியானால் பட்டப்பெயரே கூடாதா? அப்படியில்லை. நபியவர்கள் சூட்டிய 'அபூ துராப்' என்ற பெயர் அலீ (ரலி) அவர்களுக்கு மிகப் பிரியமானது. பிலால் ஹபஷி, ஸல்மான் ஃபாரிஸி என்று நாட்டைச் சேர்த்தே கண்ணியமாகச் சொல்கிறோம். நியூசிலாந்துக்காரரைக் 'கிவி' என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவார். அது அவர்கள் நாட்டுப் பறவை. அவர்களே விரும்பி ஏற்ற பெயர்.

பிரிட்டனுக்குப் போய், பாகிஸ்தானியரைச் சுருக்கி 'பாக்கி' என்று சொல்லிப் பாருங்கள்! நமக்குப் பாக்கி என்றால் கடன் நிலுவை. அங்கே அது காறி உமிழ்வதற்குச் சமம். 1933-ல் சவுத்ரி ரஹ்மத் அலீ வெளியிட்ட பிரசுரத்தில் வந்த நாட்டுப் பெயரின் முதல் பாதி அது. 'பாக்' என்றால் தூய்மை. அந்தச் சொல்லைத்தான் 1960-களின் கடைசியிலிருந்து வெள்ளை இனவெறிக் கும்பல்கள் கத்திக்கொண்டு தெருவில் ஆட்களை அடித்தன. அடித்தவன், நீ இந்தியனா, வங்கதேசத்தவனா என்று விசாரிக்கவில்லை. 1978 மே 4 அன்று, வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அல்தாப் அலீ என்ற வங்கதேசத் தையல் தொழிலாளி கிழக்கு லண்டனில் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து, சுமார் 7000 பேர் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் பிரதமர் அலுவலகத் தெரு வரை நடந்தார்கள். அவர் வீழ்ந்த இடத்திலுள்ள பூங்காவுக்கு 1998-ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

அங்குள்ள இளைஞர்கள் சிலர் தங்களுக்குள் அந்தச் சொல்லால் அழைத்துக்கொள்வதும் உண்டு. அது அவர்கள் பாடு. மற்றவருக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

நமக்கும் இந்த வலி தெரியாததல்ல. அரபியில் 'ரஃபீக்' என்றால் தோழன். எவ்வளவு அழகான சொல்! அதையே சில முதலாளிகள் விரலைச் சொடுக்கி, "யா ரஃபீக்!" என்று கூப்பிடும்போது, தோழன் என்றா காதில் விழுகிறது? ஊருக்கு வந்து அதைச் சொல்லிக் கண்கலங்கியவர்கள் இந்த ஜமாஅத்திலேயே இருக்கிறார்கள். அதே நாம்தான் அறைக்குத் திரும்பியதும் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைப் 'பச்சை' என்கிறோம்.

அருமைச் சகோதரர்களே! உங்கள் கைபேசியை எடுத்துப் பாருங்கள். 'பச்சை டிரைவர்', 'பெங்காலி பிளம்பர்' என்று எத்தனை எண்கள் கிடக்கின்றன? இன்று அஸருக்குள் அவர்களுக்கு ஒரு ஸலாம் அனுப்பி, பெயரைக் கேட்டு, மாற்றி எழுதுங்கள். அந்தச் சகோதரர் அன்று இரவே அறைக்குப் போன் போட்டிருக்கிறார். பெயர் தெரியாமல் இருந்த இருவரில் ஒருவர் பெயர், அவருடைய சொந்த மகனின் பெயரேதானாம்.