கருணைக்குப் பயிற்சி தேவையா?

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆசிரமத்திற்கு அடிக்கடி வந்துகொண்டிருந்த அன்பர் ஒருவர் மாலை ஆரதி முடிந்தபின் என்னிடம் தனியாகப் பேச விரும்பினார். இரவில் உறக்கம் இல்லை, எதிலும் நாட்டம் இல்லை, ஜபத்தில் அமர்ந்தால் அழுகைதான் வருகிறது என்றார். நான் அவரை மேலே பேச விடவில்லை. மனத்தின் சஞ்சல இயல்பு பற்றியும் சரணாகதி பற்றியும் அரைமணி நேரம் விளக்கினேன். ஜபத்தின் எண்ணிக்கையைக் கூட்டுமாறு கூறிப் பிரசாதம் கொடுத்து அனுப்பினேன். அவர் வணங்கிவிட்டுச் சென்றார்.

பிறகு பல மாதங்கள் அவர் வரவில்லை. ஒருநாள் அவருடைய மனைவி வந்தார். கணவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதையும், காப்பாற்றப்பட்டு மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்று வருவதையும் கூறினார். "அன்றைக்கே உங்களிடம் சொல்லத்தான் வந்தார், சுவாமிஜி. 'ஜபம்கூடச் செய்ய முடியாத பாவி ஆகிவிட்டேனே' என்று வீட்டில் வந்து அழுதார்" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் என்னை மிகவும் வருத்தியது.

அன்று நான் கூறியவற்றுள் சாஸ்திரத்திற்கு முரணானது எதுவும் இல்லை. அவரிடம் எனக்கு அன்பு இல்லாமலும் இல்லை. அப்படியானால் தவறு எங்கே நேர்ந்தது? துன்பப்படுபவனுக்கு ஆறுதல் அளிப்பது மனித இதயத்தின் இயல்பு என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். குழந்தையைத் தேற்றுவதற்குத் தாய் எந்தக் கல்லூரியில் படித்தாள் என்று கேட்போம். கருணைக்கும் ஒரு பயிற்சி வேண்டுமா? பயின்று வருவது கருணையாகுமா?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே பலர் செயலில் விடை தேடியிருக்கிறார்கள். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்தார். உறவினர்கள் நோயாளியின் அருகிலேயே இருந்து, நோயைப் புரிந்துகொண்டு, அவரைப் பராமரிக்கக் கற்றுக்கொண்டு, அவருடன் வீடு திரும்பினார்கள். அந்தக் குடும்பங்களுக்குப் பாசம் முன்பே இருந்தது. பாசத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது.

1975-இல் பெங்களூருக்கு அருகிலுள்ள சக்கலவாராவிலும் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும், கிராம சுகாதார மையங்களின் மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் மனநோயை அடையாளம் காணக் கற்பிக்கும் முயற்சிகள் தொடங்கின. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் உருவாயிற்று. 1985 முதல் 1990 வரை பெல்லாரி மாவட்டத்தில் நடந்த பணி, 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்திற்கு முன்மாதிரி ஆயிற்று. மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள நாட்டில் மற்றவர்களைப் பயிற்றுவிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 2015-16-இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பின்படி, மனநலப் பாதிப்பு உள்ளவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை.

பயிற்சியற்ற அன்பு எங்கே கொண்டுபோய்விடும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலை, ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் மூண்ட தீயில் 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட உறவினர் எல்லோரையும் கல்நெஞ்சர்கள் என்று கூறிவிட முடியாது. நோய் தீரும் என்று நம்பி வந்தவர்கள் அவர்களுள் இருந்தார்கள். சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்துள்ளது. சமூகத்தில் வாழும் உரிமை நோயாளிக்கு உண்டு என்றும் அது கூறுகிறது. ஆனால் சட்டம் சங்கிலியை அவிழ்த்த பிறகு, அவரிடம் எப்படிப் பேசுவது என்று குடும்பத்திற்கு யாராவது சொல்லித்தர வேண்டும் அல்லவா?

அப்படிச் சொல்லித்தரும் முயற்சிகளுள் கோவாவில் நடந்தவை என்னை மிகவும் சிந்திக்க வைத்தன. அங்கு டாக்டர் விக்ரம் படேலும் 'சங்காத்' அமைப்பினரும், மருத்துவப் பின்னணி இல்லாத உள்ளூர்வாசிகளைத் தேர்ந்தெடுத்து ஆலோசகர்களாகப் பயிற்றுவித்தார்கள். மனச்சோர்வுக்கு அவர்கள் அளித்த சிகிச்சையின் கருத்து எளிமையானது. 'மனம் தெளிந்த பிறகு செயல்படலாம்' என்று காத்திருக்க வேண்டாம். சிறிய செயல் ஒன்றைச் செய்தால் மனம் அதன் பின்னே வரும். அண்டை வீட்டாரிடம் பேசுவது, விட்டுப்போன தையல் வேலையை எடுப்பது போன்ற எதுவாகவும் அது இருக்கலாம். ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள். இம்முறை பயனளிக்கிறது என்பதைக் காட்டும் ஆய்வு 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று.

ஆனால் என்னைக் கவர்ந்தது வேறொரு செய்தி. நோயாளியின் சம்மதத்துடன் உரையாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. ஆலோசகர்கள் ஒன்றாக அமர்ந்து ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு மதிப்பெண் இட்டார்கள். இங்கே அவசரப்பட்டாய், இங்கே அவர் சொல்ல வந்ததைத் தடுத்தாய் என்று ஒருவருக்கொருவர் எடுத்துக்கூறினார்கள். பல ஆண்டுகளாகச் சொற்பொழிவு ஆற்றி வருகிறேன். எனக்கு இதுவரை யாரும் மதிப்பெண் இட்டதில்லை. கேட்போர் எல்லோரும் 'மிக அருமை, சுவாமிஜி' என்றே கூறிச் செல்கிறார்கள்.

பயிற்சியால் கருணை இயந்திரத்தனமாகிவிடும் என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் இப்பயிற்சியில் கற்பிக்கப்படுவனவற்றுள் பெரும்பகுதி, எதைச் சொல்லக்கூடாது என்பதே. அறிவுரையை அவசரமாக வழங்கக்கூடாது. தன் கதையை நடுவில் நுழைக்கக்கூடாது. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. வாழ்வில் வெறுப்புற்றவரிடம் 'உயிரை விட்டுவிடும் எண்ணம் வருகிறதா?' என்று நேரடியாகக் கேட்கத் தயங்கக்கூடாது. அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது, கேட்கப்பட்டதில் அவருக்கு நிம்மதியே உண்டாகலாம் என்பதும் கற்றுத்தரப்படுகிறது. இதை அன்று நான் அறிந்திருக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இது புதிதாகத் தோன்றியிருக்கக் கூடாது. மூல ஆசிரியரின் மீது மிகுந்த பக்தி கொண்ட இளம் மொழிபெயர்ப்பாளர்தான் தம் சொந்தச் சொற்களை அவர் வாயில் அதிகமாகத் திணிப்பார். விலகி நிற்கக் கற்பது பல ஆண்டு வேலை. மனத்தை வசப்படுத்தக் கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறும் அப்பியாசம், வைராக்கியம் ஆகிய இரண்டும் இங்கும் தேவைப்படுகின்றன. கேட்பதில் அப்பியாசம் வேண்டும். தன் அறிவுரையின் மீது வைராக்கியம் வேண்டும். இரண்டாவதே கடினம்.

இங்கே ஒன்றைக் கூற விரும்புகிறேன். அர்ஜுனனின் விஷாதத்தை மனச்சோர்வு நோயின் உதாரணமாகக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நானும் மேடைகளில் அப்படிப் பேசியிருக்கிறேன். இப்போது எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அர்ஜுனன் வாதிட்டான், கேள்வி கேட்டான், விடையை எடைபோட்டான். நோய் முற்றியவரிடம் அந்த வலிமைகூட இராது. அவரிடம் பதினெட்டு அத்தியாயங்களின் சாரத்தைச் சொல்வது, எழுந்து நிற்க முடியாதவனைத் தீர்த்த யாத்திரைக்கு அழைப்பது போன்றது.

அரிஸ்டாட்டில் தொழில்திறனையும் நல்லொழுக்கத்தின் வழிப்பட்ட விவேகத்தையும் வேறுபடுத்துகிறார். வேண்டுமென்றே அபஸ்வரம் பாடுபவரின் வித்வத்துவத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. வேண்டுமென்றே இரக்கமின்றி நடப்பவரை நல்லவர் என்று யாரும் கூறுவதில்லை. பிறர் துயரைக் கேட்பது இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது? இரண்டையும் சேர்ந்தது என்றே எண்ணுகிறேன். திறன் பகுதியைக் கற்பிக்கலாம். மற்றதைக் கற்பிக்க முடியுமா என்பதில் எனக்குத் தெளிவில்லை.

கோவாவின் முந்தைய ஆய்வு ஒன்று இந்தத் தெளிவின்மையை அதிகமாக்குகிறது. 2010-இல் வெளியான அதில், பயிற்சி பெற்ற ஆலோசகர்களால் அரசுச் சுகாதார மையங்களில் நல்ல பலன் கிடைத்தது. தனியார் மருத்துவர்களிடம் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. அங்கே குடும்ப மருத்துவர் ஏற்கெனவே நோயாளியை நன்கு அறிந்து, நேரம் ஒதுக்கிப் பேசி வந்தது ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானால் நெடுநாள் பழக்கத்திற்கும் ஓரளவு அந்த ஆற்றல் உண்டு என்றாகிறது. கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனை வரிசையில் அந்தப் பழக்கத்திற்கு ஏது இடம்? அங்கே பயிற்சிதான் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. நம் மையங்களுக்கு வரும் அன்பர்களையோ நாம் பத்து, இருபது ஆண்டுகளாக அறிந்திருக்கிறோம். அறிந்திருந்தும் கேட்கத் தெரியவில்லை என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது.

இத்தகைய துயரில் இருப்பவர்கள், அவர்களுடைய குடும்பத்தினர் எவரும், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். எங்கள் அலுவலக அறையில் இந்த எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

அந்த அன்பர் இப்போது மீண்டும் வருகிறார். மருந்து தொடர்கிறது. சென்ற வாரம் ஆரதிக்குப் பிறகு என் அறைக்கு வந்தார். எவ்வளவு ஜபம் நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. இரவில் உறங்குகிறீர்களா என்று கேட்டேன். "மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, சுவாமிஜி" என்று தொடங்கினார். இரவு உணவுக்கான மணி அடித்தது. அவர் எழுந்துகொள்ளப் பார்த்தார். உட்காருங்கள் என்றேன்.