ஒற்றைச் சொல்லும் முழுக் கதையும்

சூடான தாச்சியில் கை பட்டால், சுட்டுவிட்டது என்று உணர்வதற்கு முன்பே கை விலகிவிடுகிறது. அந்த வேலையை முள்ளந்தண்டு வடமே செய்து முடிக்கிறது. மூளைக்குச் செய்தி பிந்தித்தான் போய்ச் சேர்கிறது. இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன என் விஞ்ஞானப் படிப்பில் இதைச் சொல்லித்தந்தார்கள். றெஸ்ரோரண்ட் குசினியில் நிற்பவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மூளைக்குள்ளும் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை என்பதைப் பின்னர்தான் வாசித்து அறிந்தேன்.

அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசனும் அவருடைய சகாக்களும் செய்த பரிசோதனையொன்று 2011இல் வெளியானது. ஏழு நிமிடம் அளவிலான ஒரு கதையைச் சிலருக்குக் கேட்கக் கொடுத்து, அவர்களது மூளையின் இயக்கத்தைப் பதிவு செய்தார்கள். கதையை உள்ளபடியும், பந்திகளை இடம்மாற்றியும், வசனங்களைக் கலைத்தும், சொற்களைக் கலைத்தும், பின்னிருந்து முன்னாக ஓடவிட்டும் கேட்கவைத்தார்கள். ஒலியை முதலில் வாங்கும் பகுதிக்கு இவையெல்லாம் ஒன்றுதான். எப்படிக் கலைத்தாலும் அது கேட்டவர்கள் எல்லோரிடமும் ஒரேவிதமாக இயங்கியது. அந்தக் கணத்துச் சத்தம் அதற்குப் போதும். வேறு பகுதிகளுக்கு வசனம் குலையாமல் இருக்கவேண்டியிருந்தது. இன்னும் சில பகுதிகளில், பந்தி முழுதாக இருந்தபோதே அந்த ஒற்றுமை தோன்றியது.

மூளை இயங்கும் விதத்திலிருந்து நீதியைப் பெற்றுவிட முடியாது. ஆனாலும் ஒரு கேள்வி எழுகிறது. ஒரு மனிதனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எவ்வளவு கேட்கவேண்டும்?

அகதி விசாரணையில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. திகதி, இடம், பெயர் என்று வாழ்க்கை துண்டு துண்டாகக் கலைக்கப்பட்டது. ஒரு திகதி பிசகியதால் பலருடைய முழுக் கதையும் பொய்யாகிப் போனது. அதை அநீதி என்கிறோம். சரிதான்.

ஆனால் எங்கள் சமூகமும் இதையே செய்தது. 'துரோகி' என்ற ஒற்றைச் சொல் போதுமாயிருந்தது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களின் குற்றம் ஓர் அட்டையில் எழுதப்பட்டது. ஓர் அட்டையில் எவ்வளவு எழுதமுடியும்? போர் 2009இல் முடிந்தபிறகும் அந்தச் சொல் எங்கள் மண்டபங்களிலும் தொலைபேசிகளிலும் உலாவுகிறது.

கதை கேட்டுக்கொண்டே இருந்தால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன பதில் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முழுதாகக் கேட்பது மன்னிப்பதாகாது. கேட்டபின் குற்றம் இன்னும் பாரதூரமாகத் தெரியவும் கூடும். ஆனால் அப்போதுதான் அது அந்த மனிதனுடைய குற்றமாக இருக்கும்.

ஷெல் கூவும் சத்தத்துக்கு விழுந்து படுக்கப் பந்தி தேவையில்லை. அந்த வேகம் எங்களில் பலரை உயிரோடு வைத்திருக்கிறது. மனிதரைத் தீர்க்கவும் அதே வேகத்தைப் பழகிக்கொண்டோம். அங்கே குண்டு விழுந்த காலத்தில் அதற்கு ஒரு சாட்டாவது இருந்தது. இங்கே, ஒருவர் பேசி முடிக்கும்வரை இருந்து கேட்க எங்களுக்கு நேரம் இருக்கிறது.