ஆதிபகவன் காத்திருந்த ஓராண்டு

 

"பகவான் இன்னும் கண் திறக்கவில்லையே!" என்னும் ஏக்கக் குரல் நம் இல்லங்களிலும் அவ்வப்போது எழுகின்றது. மகளுக்கு வரன் அமையாமல் ஆண்டுகள் கழிகின்றன. படித்து முடித்த மகனுக்கு வேலை கிட்டவில்லை. தீரும் தீரும் என்று எண்ணிய நோய் தீரவில்லை. அத்தகைய வேளையில், "அங்கே நேர்ந்துகொள்ளுங்கள், இந்தப் பரிகாரம் செய்யுங்கள்" என்று அண்டை அயலார் அன்போடு கூறும் சொற்கள் நம் நற்காட்சியையே அசைத்து விடுகின்றன. நாள்தோறும் ஜினாலயம் சென்று வணங்கிய கால்கள், வேறு வாயில்களைத் தேடி நடக்கத் தொடங்குகின்றன.

நம் அருகப் பெருமான் வீதராகர். விருப்பும் வெறுப்பும் அற்றவர். ஒருவருக்கு விரைந்து கொடுப்பதும், மற்றொருவருக்குத் தாமதிப்பதும் அவர்தம் செயலன்று. இதைக் கேட்கும்போது, துன்பத்தில் இருப்போர்க்கு, "அவ்வாறாயின் எமக்குத் துணை யார்?" என்ற கலக்கம் பிறத்தல் இயல்பே. அதற்கு விடை, ஆதிபகவனின் வரலாற்றிலேயே இருக்கின்றது.

விருஷபதேவர் அரசைத் துறந்து தீக்ஷை ஏற்று, ஆறு திங்கள் உண்ணாது யோகத்தில் நின்றார். அவரிடம் கொண்ட பற்றினால் நாலாயிரம் அரசர்களும் உடன் துறந்தனர். ஆனால், எதற்காகத் துறந்தோம் என்பதை அவர்கள் அறிந்திலர். இன்று கண் திறப்பார், நாளை பேசுவார் என்று எதிர்பார்த்துச் சோர்ந்தனர். பசி பொறாமல் காயும் கிழங்கும் உண்டு, மரவுரி உடுத்து, நெறி பிறழ்ந்தனர். பரதனின் மைந்தன் மரீசியும் அவர்களுள் ஒருவன்.

ஆறு திங்கள் கழிந்தபின் பகவான் ஆகாரத்தின் பொருட்டு எழுந்தருளினார். ஊர்தோறும் மக்கள் ஓடி வந்து வணங்கினர். ஒருவர் மணிகளைக் கொணர்ந்தார், ஒருவர் யானையையும் குதிரையையும் நிறுத்தினார், ஒருவர் தம் மகளையே அளிக்க முன்வந்தார். ஒரு முனிவருக்கு முறைப்படி உணவளிக்க வேண்டும் என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை. அன்பு இருந்தது, அறிவு இல்லை. பகவான் எதையும் கேட்கவில்லை, எவரையும் சினக்கவில்லை. மௌனமாகத் திரும்பினார். இவ்வாறே திங்கள்கள் பல கடந்து, ஓராண்டும் நிறைந்தது.

மூவுலகும் வணங்கும் தீர்த்தங்கரருக்கே ஏன் இந்த நிலை? எண்வினைகளுள் அந்தராயம் என்பது ஒன்று. கொடுத்தலையும் பெறுதலையும் நுகர்தலையும் ஆற்றலையும் தடுத்து நிற்பது அதன் தன்மை. கேவலஞானம் பெறும் வரை அது தீர்த்தங்கரரையும் விடுவதில்லை. துறவோர் வெல்ல வேண்டிய பரீஷகங்கள் 22 என ஆகமம் வகுக்கும்போது, பெறாமை என்னும் அலாபத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது. கிடைக்காமையும் ஒரு தவக்களம் என்பதே இதன் கருத்து.

எனவே, அன்பர்களே! நம் தாமதத்திற்கு எவருடைய சினமும் காரணமன்று. நம்மைக் கைவிட்டவர் எவருமிலர். வினை தன் பருவத்தில் உதயமாகின்றது, பயன் தந்து கழிகின்றது. உதயமான வினை என்றும் நிலைத்திருப்பதில்லை. இவ்வுறுதியே நமக்குப் பெருந்துணை.

அப்படியானால் வாளா இருத்தல் போதுமா? போதாது. மாங்கனி மரத்திலும் பழுக்கும், வைக்கோலில் பொதிந்து வைத்தால் முந்தியும் பழுக்கும். அதுபோல, தவத்தாலும் தியானத்தாலும் வினையை முன்னரே உதிர்த்தலும் உண்டு. அதனை அவிபாக நிர்ஜரை என்பர். பொறுமையோடு முயற்சியையும் விடாதிருப்பவனுக்குக் காத்திருக்கும் நாள் வீண் நாளன்று. புலம்பிக் கழிப்பவனோ பழவினை கழியும்போதே புதுவினையைக் கட்டிக்கொள்கின்றான்.

அத்தினாபுரத்தில் சோமப்பிரப மன்னனின் தம்பி சிரேயாம்சன், பகவானைக் கண்டதும் முற்பிறவி உணர்வு பெற்றான். ஸ்ரீமதியாய்ப் பிறந்திருந்தபோது, கணவன் வச்சிரசங்கனுடன் சாரண முனிவர்க்கு உணவளித்தது நினைவில் எழுந்தது. நவபுண்ணிய முறையோடு எதிர்கொண்டு, கருப்பஞ்சாற்றைப் பகவானின் கரங்களில் வார்த்தான். அந்நாளே வைசாக வளர்பிறைத் திருதியையாகிய அட்சய திருதியை. பொன் வாங்கினால் பெருகும் என்று உலகோர் கடைகளில் கூடும் அந்நாள், நமக்குத் தானம் பிறந்த திருநாள்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். "முனிவருக்கு அந்தராய உதயம், நாம் என் செய்வது?" என்று சிரேயாம்சன் வாளா நின்றானில்லை. துன்புறும் வீட்டாரைப் பார்த்து, "எல்லாம் உங்கள் வினை" என்று கூறிக் கடந்து செல்வது அறமாகாது. வினைக்கொள்கை நம் துன்பத்தைப் பொறுப்பதற்கு உரியது, பிறர் துன்பத்தைப் புறக்கணிப்பதற்கு அன்று. பிறருக்கு இடையூறு செய்வதே அந்தராய வினையின் வாயில் எனத் தத்துவார்த்த சூத்திரம் உணர்த்துகின்றது. ஆகவே, ஒரு பெண்ணின் திருமணத்தைப் புறஞ்சொல்லால் தடுக்காதிருப்போம். ஓர் ஏழை மாணவனுக்குக் கட்டணம் கட்டுவோம். நோயுற்றவர் அருகில் ஒருபொழுது அமர்வோம். காத்திருக்கும் ஒருவருக்கு நாமே சிரேயாம்சனாகலாம். அவருக்கு வேண்டுவது மணியா, ஒரு கை கருப்பஞ்சாறா என்று அறிந்து கொடுப்பதே தானம்.

முன்னரே தளர்ந்து தவறிவிட்டோமே என வருந்துவோர்க்கும் ஒரு சொல். பாட்டனாரின் மௌனத்தைப் பொறாது வழிதவறிய அந்த மரீசியின் உயிர், எண்ணற்ற பிறவிகளில் அலைந்து, நற்காட்சி பெற்று, முடிவில் வர்த்தமான மகாவீரராய்த் திகழ்ந்தது. தவறிய உயிருக்கும் திருவறத்தின் கதவு அடைபடவில்லை.

ஆதலின், இன்றிரவு விளக்கேற்றி வணங்கும்போது, "எப்பொழுது தருவாய்?" என்று கேளாது, "நீ நின்றதுபோல் நிற்கும் உறுதி எமக்கும் வாய்க்குமாக" என்று சிந்திப்போம்.

ஜினதர்மம் வாழ்க! எல்லா உயிரும் இன்புறுக!