உளி பிடித்தவன் பேர்

முட்டுக்காடு தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வணிகர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தக் கேள்வி வந்தது. வணிகர் வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு... எல்லாம் குடியிருந்தவங்களை வச்சுத்தான் பேர். கட்டின கொத்தனாரும் தச்சரும் எங்கே?

தெற்கே மாமல்லபுரத்திலும் இதே கதைதான். தர்மராஜ ரதத்தில் மன்னனின் பட்டப்பெயர்கள் நிறைய உண்டு. செதுக்கியவர்கள் பேர் அங்கே இல்லை. பக்கத்துப் பூஞ்சேரியில், யாரும் தேடிப் போகாத ஒரு பாறையில், கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் என்று சில பேர்கள் வெட்டியிருக்கு. அவை சிற்பிகளுடையவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நம் காலத்தில் பேர் நிலைத்த சிற்பி வை. கணபதி ஸ்தபதி. 1927-இல் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர். மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியில் பல்லாண்டுகள் முதல்வர். குமரிமுனைத் திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். சிலை 95 அடி, பொருளும் இன்பமும். மொத்தம் 133. சுமார் 7,000 டன் கல். 2011-இல் அவர் மறைந்தார். 'யார் செஞ்சது?' என்றால் இன்றும் ஒரே பேரைத்தான் சொல்கிறோம்.

அது பொய்யா? இல்லை. ஸ்தபதி என்பவர் அளவைத் தீர்மானிப்பவர். அவ்வளவு உயரத்தில், கல்லில், இடுப்பில் அந்த மெல்லிய வளைவை யோசித்தது அவர்தான். கணக்கு பிசகினால் பழியும் அவருக்குத்தான். பொறுப்பைச் சுமந்தவருக்குப் பேர் போவது நியாயம்.

ஆனால் கல்லில் இன்னொரு சுமையும் இருக்கு. கருங்கல் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் வரும். நுரையீரல் தழும்பேறி இறுகும். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. அந்தச் சிலைக்கு உழைத்த சிற்பிகள் நூற்றுக்கும் மேல். கல்தொழிலில் பேர் ஒருத்தருக்குப் போகலாம், தூசி எல்லாருக்கும்தான் போகுது. அப்படியென்றால் பெயருக்கு ஒரு கடன் உண்டு. கலையைப் பாராட்டுகிற நமக்கும் அதில் பங்கு உண்டு. எல்லாப் பேரையும் பொறிக்க முடியாமல் போகலாம். முகக்கவசமும் தூசியடக்கத் தண்ணீரும் மருத்துவப் பரிசோதனையும் கொடுக்க முடியாதா?

போன மாதம் மாமல்லபுரத்தில் சின்னதாக ஒரு பிள்ளையார் வாங்கினேன். கடைக்குப் பின்னால் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு ஒருத்தர் மெஷினில் கல் அறுத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, உங்க பேர் என்ன?"

துண்டை இறக்கிச் சிரித்தார். "கடை பேர் போர்டுலயே இருக்கே, தம்பி."